மாற்கு சுவிசேஷம்: ரோமாபுரியா, சீரியாவா, இன்னும் முந்தியா? வேதபாடம் எடுப்பவர் எந்தக் கணக்கைப் பிடிப்பது

எங்கள் தெருவில் செவ்வாய்க்கிழமை இரவு வேதபாடம் நடக்கும். ஒரு வீட்டு முன்னறை, பாய், சுக்குக் காப்பி, பன்னிரண்டு பதினைந்து பேர். மாற்கு சுவிசேஷத்தைத் தொடங்கிய அன்று முதல் வசனத்தை வாசித்து வாய் மூடவில்லை, ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர் கேட்டார்: "தம்பி, இந்த மாற்கு ஆண்டவரைக் கண்ணால பாத்தவரா?"

நான் தயாராகத்தான் போயிருந்தேன். வில்லங்கமே அதில்தான். வீட்டில் மூன்று விளக்கவுரைகளைப் புரட்டியிருந்தேன். மூன்றிலும் மூன்று பதில். பேதுருவிடம் கேட்டதை ரோமாபுரியில் எழுதி வைத்தவர் என்றது ஒன்று. எழுதியவர் யாரென்றே தெரியாது, எருசலேம் தேவாலயம் இடிந்த சமயத்தில் சீரியாப் பக்கம் எழுதப்பட்டது என்றது இன்னொன்று. சிலுவைப்பாடு நடந்து பத்துப் பதினைந்து வருஷத்துக்குள்ளேயே எழுதியாயிற்று என்றது மூன்றாவது. "பாத்தவர் இல்லண்ணே, பாத்தவர்கிட்ட கேட்டவர்னு சொல்லுவாங்க" என்று சமாளித்தேன். சமாளிக்கிறேன் என்று அவருக்கும் தெரிந்துவிட்டது.

அதன் பிறகு ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர்கள், வாலிபர் ஐக்கியத்தை நடத்துகிறவர்கள் என்று சிலர் இதே இடத்தில் சிக்கிக்கொண்டு என்னிடம் கேட்டிருக்கிறார்கள். எந்தக் கணக்கை வைத்துக்கொண்டு பாடத்தை ஆரம்பிப்பது? முதல் வாரமே முடிவெடுக்க வேண்டியதாக இருக்கிறது. தள்ளிப்போட்டால், தேவாலயம் இடிபடும் என்று இயேசு சொல்லும் 13-ஆம் அதிகாரம் வரும்போது மாட்டிக்கொள்வோம்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யார் எழுதினார், எப்போது எழுதினார், யாருக்கு எழுதினார் என்பவை மூன்று தனித்தனிக் கேள்விகள். விளக்கவுரைகள் இவற்றை ஒரே பொட்டலமாகக் கட்டி நீட்டுகின்றன. ஒன்றை நம்பினால் மற்ற இரண்டையும் நம்பியாக வேண்டும் என்பதுபோல. பொட்டலத்தைப் பிரித்து வாங்கலாம். மூன்றில் ஒன்றுக்கு நல்ல பதில் இருக்கிறது, ஒன்றுக்கு ஓரளவு இருக்கிறது, ஒன்றுக்கு நம்பிக்கையோடு கூடிய ஊகம்தான் இருக்கிறது.

## எதை வைத்து எடை போடுவது

முதலில் வெளிச்சாட்சி. புத்தகத்துக்கு வெளியே, பழைய சபைப் பிதாக்கள் என்ன சொல்லியிருக்கிறார்கள், அது எவ்வளவு பழையது, ஒருவர் சொன்னதையே மற்றவர் திருப்பிச் சொல்கிறாரா?

அடுத்து, உள்ளே கிடக்கும் தடயங்கள். லத்தீன் சொற்கள், அரமாயிக்கு வாக்கியங்கள், ஊர் வழிகளில் வரும் குழப்பங்கள், விளக்கப்பட்ட வழக்கங்கள், விளக்கப்படாமல் விட்ட பெயர்கள்.

மூன்றாவது 13-ஆம் அதிகாரம். தேதி பற்றிய வழக்கு பெரும்பாலும் அங்கேதான் விசாரணைக்கு வருகிறது.

நான்காவதை விளக்கவுரைகள் எழுதுவதில்லை, வகுப்பில் நிற்பவருக்கு அதுதான் முக்கியம்: இந்தக் கணக்கைச் சொன்னால் அடுத்து என்னென்ன கேள்வி வரும், அதற்கெல்லாம் பதில் சொல்லும் செலவு எவ்வளவு, நாளைக்கு அது தப்பென்று தெரிந்தால் கூடவே வேறு எவையெல்லாம் விழும்?

எடை போடுவதற்கு முன், எல்லாத் தரப்பும் ஏறக்குறைய ஒத்துக்கொள்ளும் தரை ஒன்று உண்டு. புத்தகம் கிரேக்கத்தில் எழுதப்பட்டது. உள்ளே எழுதியவர் பெயர் எங்கும் இல்லை. "மாற்கின்படி" என்பது பிரதிகளின் தலைப்பில் மட்டும்தான். கேட்கிறவர்களுக்கு அரமாயிக்கு தெரியாது: "தலீத்தாகூமி", "கொர்பான்", "எப்பத்தா" என்று சொன்ன கையோடு அர்த்தமும் சொல்லப்படுகிறது. யூதர் கை கழுவும் வழக்கமும் தெரியாது: 7-ஆம் அதிகாரம் 3, 4 வசனங்களில் கதையை நிறுத்தி, செம்பு கழுவுவது வரைக்கும் விளக்குகிறார். ஆக, பெரும்பாலும் யூதரல்லாத, கிரேக்கம் பேசும் விசுவாசிகள். 'யாருக்கு' என்ற கேள்விக்கு இந்த அளவில் பதில் உறுதி.

இதை ஒரு செவ்வாயன்று விளக்கியபோது கண்டக்டர் அண்ணன் சொன்னார்: "டிக்கெட்ல பேரு இருக்காது தம்பி. எங்க ஏறினான், எங்க இறங்கப்போறான்கிறது மட்டும் இருக்கும்." இதைவிடச் சுருக்கமாக எனக்குச் சொல்ல வரவில்லை.

## ரோமாபுரி, 64 முதல் 70 வரை, பேதுருவின் துபாஷி

பழைய வழி இது. பெரும்பாலான போதகர்கள் பிரசங்கத்தில் சொல்வதும் இதுதான்.

சாட்சி சொல்கிறவர்களில் முதல் ஆள் பப்பியாஸ், எராப்போலி ஊர்ப் பேராயர், 2-ஆம் நூற்றாண்டின் முற்பகுதி. மாற்கு பேதுருவின் துபாஷியாக, அதாவது அவர் பேச்சை மொழிபெயர்த்துச் சொல்பவராக, இருந்தார். நினைவில் நின்றதைப் பிசகில்லாமல், ஆனால் வரிசைப்படி அல்லாமல் எழுதினார். அவர் ஆண்டவரிடம் கேட்டவரும் அல்ல, கூடப் போனவரும் அல்ல என்கிறார். மூப்பர் ஒருவர் தமக்குச் சொன்னதாகவும் சொல்கிறார். கண்டக்டர் அண்ணனின் கேள்விக்கு நேரடியான மிகப் பழைய பதில் இது. பப்பியாஸின் புத்தகம் இப்போது இல்லை. 4-ஆம் நூற்றாண்டில் சபை வரலாறு எழுதிய யூசேபியஸ் எடுத்தெழுதிய துண்டுகள்தான் மிச்சம். இதில் ஒரு வேடிக்கை: பப்பியாஸுக்கு அறிவு மிகவும் மட்டு என்று அதே யூசேபியஸ் அதே அதிகாரத்தில் எழுதி வைத்திருக்கிறார். வரப்போகும் ஆயிரமாண்டு அரசாட்சியைப் பற்றி பப்பியாஸ் சொன்னது அவருக்குப் பிடிக்கவில்லை. நம் பிரதான சாட்சியின் யோக்கியதையை நமக்காகச் சாட்சி கொண்டுவந்தவரே குறைத்துவிடுகிறார்.

பிறகு சுமார் 180-ல் இரேனியஸ்: பேதுருவும் பவுலும் போன பிறகு மாற்கு எழுதினார் என்கிறார். 'போன' என்பதற்குப் பெரும்பாலோர் 'இறந்த' என்றே பொருள் கொள்கிறார்கள். அலெக்சந்திரியாவின் கிளமெந்தோ, பேதுரு உயிரோடு இருந்தபோதே கேட்டவர்கள் வற்புறுத்தியதால் எழுதினார் என்கிறார். இரண்டும் சேர்ந்து நிற்காது. போதாததற்கு, 4-ஆம் நூற்றாண்டில் கிறிசோஸ்தோம் எகிப்தில் எழுதப்பட்டது என்கிறார். "சபைப் பிதாக்கள் எல்லோரும் ஒரே குரலில்" என்று எந்தப் புத்தகத்திலாவது வாசித்தால், அந்த வரியைப் பென்சிலால் அடித்துவிடுங்கள்.

ஆனாலும் பெயர் விஷயத்தில் எனக்குப் பாரம்பரியத்தின் மேல் மரியாதை உண்டு. கட்டுக்கதை கட்டுகிறவன் பேதுருவின் பெயரையே போட்டிருப்பான். பின்னாளில் அப்படி "பேதுருவின் சுவிசேஷம்" ஒன்று வரவும் செய்தது. பம்பிலியாவில் பவுலை விட்டுவிட்டுத் திரும்பிப் போன, அதனால் பவுலுக்கும் பர்னபாவுக்கும் நடுவே சண்டை மூளக் காரணமான ஓர் இரண்டாம் வரிசை ஆளை யார் தேடிப் பிடிப்பார்கள்? பழைய குறிப்புகளில் மாற்குக்கு "மொட்டை விரல்காரர்" என்ற பட்டப்பெயர்கூட இருக்கிறது. அப்படி ஒரு பெயர் ஆளைத் தெரிந்தவர்கள் வாயில்தான் முளைக்கும். எதிர்ப்பக்கம் ஒன்றும் சொல்ல வேண்டும்: மார்க்குஸ் என்பது ரோமர் நடுவே நம் ஊர் முருகன் மாதிரி. மாற்கு என்ற ஒருவர் எழுதினார் என்பதால் அவர் அப்போஸ்தலர் 12-இல் வரும் எருசலேம் மரியாளின் மகன் யோவான் மாற்குதான் என்று ஆகிவிடாது.

இனி உள்ளே. லேகியோன் (படைப்பிரிவு), செந்தூரியன் (நூற்றுக்கு அதிபதி), பிரேத்தோரியம் (தேசாதிபதியின் அரண்மனை), சவுக்கடிக்கான சொல், வரிக்கான சொல் என்று மாற்கின் கிரேக்கத்தில் லத்தீன் நெடி அதிகம். நூற்றுக்கு அதிபதியை மத்தேயுவும் லூக்காவும் கிரேக்கச் சொல்லால் சொல்ல, மாற்கு மட்டும் லத்தீன் சொல்லையே கிரேக்க எழுத்தில் எழுதுகிறார். ஆகவே ரோமாபுரி என்பது வாதம். இது பாதி வாதம்தான். தாசில்தார், ஜமாபந்தி, வாரண்ட், கோர்ட் என்று ஒரு தமிழ்க் கதையில் வந்தால் அது டெல்லியிலோ லண்டனிலோ எழுதப்பட்டது என்றா சொல்வோம்? பட்டாளமும் வரிவசூலும் போன இடமெல்லாம் அந்தச் சொற்களும் போயின.

மீதிப் பாதி கொஞ்சம் கனமானது. 12:42-ல் ஏழை விதவை காணிக்கைப் பெட்டியில் இரண்டு லெப்தா போடுகிறாள். லெப்தா யூதேயாவில் புழங்கிய சிறு செப்புக்காசு. மாற்கு அதோடு விடாமல், "அதாவது ஒரு குவாட்ரன்ஸ்" என்கிறார். கிரேக்கச் சொல்லை விளக்க ரோம நாணயத்தின் பெயர். கேட்பவர் கையில் புழங்கும் காசாக இருந்தால்தானே இப்படி மாற்றிச் சொல்ல முடியும்? நம் பழைய மொழிபெயர்ப்பில் இந்த வசனம் "ஒரு துட்டுக்குச் சரியான இரண்டு காசைப் போட்டாள்" என்று இருக்கிறது. துட்டு என்பதே டச்சுக்காரர்களின் நாணயப் பெயரிலிருந்து தமிழுக்கு வந்தது என்பார்கள். விதவையின் செப்புக்காசை ரோமக் காசாக்கிச் சொன்னார் மாற்கு. ரோமக் காசை நம் துட்டாக்கிச் சொன்னார் தமிழ் மொழிபெயர்ப்பாளர். இருவரும் செய்தது ஒரே வேலை. இந்த ஒரு வசனத்தை வைத்தே ஒரு வாரப் பாடம் எடுக்கலாம், நான் எடுத்திருக்கிறேன்.

15:21-ல் சிலுவை சுமந்த சீமோனை "அலெக்சந்தருக்கும் ரூப்புக்கும் தகப்பன்" என்கிறார். அந்த இரண்டு பிள்ளைகளால் கதைக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. கேட்கிறவர்களுக்கு அவர்களைத் தெரியும், அவ்வளவுதான். ரோமர் நிருபம் 16:13-ல் பவுல் வாழ்த்துச் சொல்லும் ஒருவர் பெயரும் ரூப்பு. அதே ஆளா என்று நிரூபிக்க வழியில்லை, விட்டுவிடவும் மனம் வராது.

இந்தக் கணக்கு ஜொலிப்பது உபத்திரவப் பகுதிகளில். 64 ஜூலையில் ரோமாபுரி எரிந்தது. பேரரசன் நீரோ பழியைக் கிறிஸ்தவர்கள் மேல் போட்டான். முதலில் ஒப்புக்கொண்டவர்களைப் பிடித்தார்கள், பிறகு அவர்கள் காட்டிக்கொடுத்து ஒரு பெருங்கூட்டத்தையே பிடித்தார்கள் என்று எழுதுகிறார் ரோம வரலாற்றாசிரியர் டாசிடஸ். அதை வாசித்துவிட்டு மாற்கு 13:12-க்கு வாருங்கள்: "சகோதரன் தன் சகோதரனையும், தகப்பன் தன் பிள்ளையையும் மரணத்துக்கு ஒப்புக்கொடுப்பார்கள்." அடுத்த அதிகாரத்தில் பேதுரு மூன்று தரம் மறுதலித்து அழுகிறார். காட்டிக்கொடுத்தவனும் காட்டிக்கொடுக்கப்பட்டவனின் மனைவியும் ஒரே அறையில் உட்கார்ந்து இதைக் கேட்டிருந்தால்? முன்னறைப் பாயில் அன்று யாரும் பேசவில்லை.

மறைந்திருக்கும் செலவு: கண்ணால் கண்ட பேதுரு என்ற மொத்தப் பாரமும் பப்பியாஸ் என்ற ஒற்றை ஆணியில் தொங்குகிறது. பின்னால் வந்தவர்கள் தனித் தகவல் வைத்திருந்தார்களா, அவரை வாசித்துவிட்டுச் சொன்னார்களா என்பது பிடிபடாது. ஊர் வழிகளிலும் இடிக்கிறது. அதற்கு அடுத்ததில் வருகிறேன்.

## சீரியா அல்லது கலிலேயாவை ஒட்டிய பகுதி, 66 முதல் 75 வரை, பெயர் தெரியாதவர்

66-ல் யூதேயாவில் கலகம் மூண்டது. 70-ல் ரோமத் தளபதி டைட்டஸின் படை எருசலேம் தேவாலயத்தை எரித்தது. அந்தப் போரின் புகை வாசனை தெரியும் தூரத்தில் இருந்த சபைக்கு எழுதியது என்பது இந்தக் கணக்கு.

இதன் பலம், போரை நேரில் பார்த்த யூத வரலாற்றாசிரியர் ஜொசிபஸ் எழுதியதோடு மாற்கு உரசுகிற இடங்கள். 11:17-ல் இயேசு தேவாலயத்தைப் பற்றி "கள்ளர் குகையாக்கினீர்கள்" என்கிறார். 'கள்ளர்' என்று நாம் வாசிக்கும் கிரேக்கச் சொல்லைத்தான் ஆயுதமேந்திய கலகக்காரர்களுக்கு ஜொசிபஸ் திரும்பத் திரும்பப் பயன்படுத்துகிறார். 67–68 குளிர்காலத்தில் அப்படிப்பட்டவர்கள் தேவாலயத்தையே கோட்டையாக்கி உட்கார்ந்திருந்தார்கள். இயேசுவோடு சிலுவையில் அறையப்பட்ட இருவருக்கும் அதே சொல். கள்ளக் கிறிஸ்துக்கள் எழும்புவார்கள் என்ற எச்சரிக்கை, மலைகளுக்கு ஓடுங்கள் என்ற அவசரம், "மாரிகாலத்தில் சம்பவியாதபடிக்கு" வேண்டிக்கொள்ளுங்கள் என்ற கவலை, எல்லாம் அந்தப் பக்கத்து ஆளுக்குத்தான் உறைக்கும். ரோமாபுரியில் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவன் யூதேயா மலைக்கு எப்படி ஓடுவான்?

இன்னொன்று, கலிலேயாவில் இருப்பது நீளம் 21 கிலோமீட்டர், அகலம் 13 கிலோமீட்டர் உள்ள ஒரு நன்னீர் ஏரி. மாற்கு அதைக் 'கடல்' என்கிறார். லூக்கா 'ஏரி' என்று திருத்துகிறார், நம் பழைய மொழிபெயர்ப்பு அங்கேயும் கடல் என்றே போட்டுவிட்டதால் தமிழில் இந்த வித்தியாசம் தெரியாது. ஏரியைக் கடல் என்பது அந்தக் கரைக்காரன் வழக்கு. மத்தியதரைக் கடலைப் பார்த்து வளர்ந்தவனுக்கு அப்படிச் சொல்ல வாய் வராது என்பது இந்தத் தரப்பு.

சரி, கரைக்காரனுக்கு ஊர் வழி தெரிந்திருக்க வேண்டுமே. 7:31-ல் இயேசு தீருவிலிருந்து சீதோன் வழியாகக் கலிலேயாக் கடலுக்கு வருகிறார். சீதோன் தீருவுக்கு வடக்கே, ஏரி தென்கிழக்கே. திருச்சியிலிருந்து மதுரைக்குப் போகிறவர் பெரம்பலூர் வழியாகப் போன மாதிரி. பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் தேடினால் இது கிடைக்காது. "தீரு சீதோன் என்னும் பட்டணங்களின் எல்லைகளை விட்டு" என்று அது பிற்காலப் பிரதிகளின் சீரமைப்பைப் பின்பற்றுகிறது. 1995-ல் வந்த திருவிவிலியத்தைத் திறந்தால் "சீதோன் வழியாக" என்று இருக்கும். 5:1-ம் அப்படித்தான்: பழையதில் கதரேனர், திருவிவிலியத்தில் கெரசேனர். கெரசா ஏரியிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர். அந்தப் பன்றிகள் கடலில் விழ அவ்வளவு தூரம் ஓட வேண்டியிருக்கும். ஏதோ ஒரு நகலெடுப்பவர் இதைக் கவனித்துவிட்டு, கிட்டத்தில் உள்ள கதராவைப் போட்டிருக்கிறார். வகுப்பில் இரண்டு மொழிபெயர்ப்புகளும் இருந்தால் யாராவது ஒருவர் இதைக் கண்டுபிடிப்பார், கண்டுபிடிக்கட்டும், நல்லது.

இந்தக் குழப்பங்கள் ரோமாபுரிக் கணக்கையும் குத்தும், ஏனென்றால் எருசலேம்காரரான யோவான் மாற்குக்கு வழி தெரியாதா என்று கேட்பார்கள். எருசலேம்காரருக்கு வடகோடிக் கலிலேயா தெரிந்தே ஆகவேண்டும் என்றில்லை. வரைபடம் இல்லாத காலம். ஆனால் கரைக்காரன் என்று சொல்லும் சீரியாக் கணக்கைத்தான் இது பலமாகக் குத்துகிறது. இதைப் பல விளக்கவுரைகள் லாவகமாகத் தாண்டிவிடுகின்றன.

வெளிச்சாட்சியில் சீரியாவுக்குக் கிடைப்பது பூஜ்யம். பழைய காலத்தில் ஒருவர்கூடச் சீரியா என்று சொல்லவில்லை.

மறைந்திருக்கும் செலவு வகுப்பில்தான் தெரியும். "எழுதியவர் யாரென்று தெரியாது" என்று சொன்ன நிமிஷம், பின்வரிசையில் இருக்கும் அம்மா ஒருவர் வேதபுத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொள்வார். பெயர் தெரியாமை வேறு, பொய் வேறு என்று விளக்க ஒரு வாரம் போகும். எபிரெயருக்கு எழுதின நிருபத்திலும் ஆசிரியர் பெயர் இல்லை, சபை அதை வாசிக்காமலா இருக்கிறது என்று கேட்டால் பாதிப்பேர் சமாதானமாவார்கள்.

## நாற்பதுகளிலேயே

இதைப் பிடிப்பவர்கள் இரண்டு வகை. பக்தியால் பிடிப்பவர்கள் அதிகம். அப்போஸ்தலர் நடபடிகள் பவுல் உயிரோடிருக்கும்போதே, சுமார் 62-ல், முடிகிறது. லூக்கா அதற்கு முன் தம் சுவிசேஷத்தை எழுதினார். அவர் மாற்கைப் பயன்படுத்தினார். ஆகவே மாற்கு இன்னும் முந்தியது என்று அடுக்குவார்கள். அடுக்கின் முதல் செங்கல் ஆடினால் எல்லாம் ஆடும்: ஒரு கதை எங்கே நிற்கிறதோ அன்றுதான் எழுதப்பட்டது என்பது கட்டாயமில்லை.

இன்னொரு வகை, பக்திக்கு வெளியே நின்று வாதாடுவது. ஜேம்ஸ் கிராஸ்லி என்ற ஆங்கிலேய ஆய்வாளர் 2004-ல் முன்வைத்தது: மாற்கின் இயேசு நியாயப்பிரமாணத்தை மீறுவதில்லை, சபையில் விருத்தசேதனம், உணவு பற்றிய சண்டை வெடிப்பதற்கு முந்திய உலகம் இது, ஆகவே முப்பதுகளின் கடைசியோ நாற்பதுகளோ. 13:14-ன் "பாழாக்குகிற அருவருப்பு" பேரரசன் காலிகுலா தன் சிலையை எருசலேம் தேவாலயத்தில் வைக்க உத்தரவிட்ட 40-ஆம் ஆண்டு நெருக்கடிக்கு நன்றாகவே பொருந்தும். சிலை வைக்கப்படுவதற்குள் அவனை 41 ஜனவரியில் கொன்றுவிட்டார்கள்.

யோசிக்க வேண்டிய வாதம்தான். ஆனால் கைகழுவும் வழக்கத்தைக்கூட விளக்க வேண்டிய யூதரல்லாத கூட்டம் அவ்வளவு சீக்கிரம் எங்கே சேர்ந்தது என்ற கேள்விக்கு எனக்கு நிறைவான பதில் கிடைக்கவில்லை.

இதன் செலவு பெரியது, அனுபவித்தவர்கள் இருக்கிறார்கள். 1972-ல் சவக்கடல் ஓரத்துக் கும்ரானில் 7-ஆம் குகையின் ஒரு துணுக்கு மாற்கு 6-ஆம் அதிகாரம் என்று அறிவிக்கப்பட்டது. அதில் முழுதாகத் தெரியும் ஒரே சொல் 'உம்' என்பதற்குச் சமமான கிரேக்கச் சொல். ஆய்வாளர்களில் பெரும்பாலோர் ஏற்கவில்லை. 2012-ல் முதல் நூற்றாண்டு மாற்குப் பிரதி கிடைத்துவிட்டது என்று அமெரிக்காவில் ஒரு மேடையில் சொல்லப்பட்டது. நம் ஊர் வாட்ஸ்அப் வரைக்கும் அது வந்தது. 2018-ல் அந்தப் பாப்பிரஸ் முறைப்படி வெளியானபோது 2-ஆம் நூற்றாண்டின் கடைசி அல்லது 3-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் என்று வந்தது. முதலாவது செய்தி பார்வர்டு ஆன வேகத்தில் இரண்டாவது ஆகவில்லை.

## யாருக்கென்று கேட்காதே, எல்லாச் சபைக்கும்

1998-ல் ரிச்சர்ட் பாக்கம் போன்ற ஆய்வாளர்கள் கேள்வியையே திருப்பிப் போட்டார்கள்: ஒரு தெருச் சபைக்குச் சொல்ல வேண்டியதை எழுதியா வைப்பார்கள்? எழுதுவதே வெளியூருக்குப் போகத்தானே? மாற்கில் பத்தில் ஒன்பது பங்கு மத்தேயுவில் இருக்கிறது, லூக்காவும் எடுத்தாள்கிறார். கொஞ்ச காலத்திலேயே பல ஊர்களுக்குப் பிரதி போய்விட்டது என்பது தெளிவு.

நேரம் குறைவாக இருப்பவர்களுக்கு வசதி. ஆனால் அலெக்சந்தரும் ரூப்பும் இதற்கு மசிவதில்லை. மத்தேயுவும் லூக்காவும் சீமோனை வைத்துக்கொண்டு பிள்ளைகள் இருவரையும் விட்டுவிட்டார்கள். தங்கள் ஆட்களுக்கு அவர்களைத் தெரியாது. மாற்கின் ஆட்களுக்குத் தெரிந்திருந்தது.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| | ரோமாபுரி 64–70 | சீரியா 66–75 | நாற்பதுகள் | எல்லாச் சபைக்கும் |
|---|---|---|---|---|
| வெளிச்சாட்சி | உண்டு, ஒற்றை ஆணி | இல்லை | ஏறக்குறைய இல்லை | பொருந்தாத கேள்வி |
| உள் தடயம் | குவாட்ரன்ஸ் பலம், மற்ற லத்தீன் சுமார் | 'கடல்', கலகக்காரர் பலம். ஊர் வழி இடிக்கிறது | யூத வழக்க விளக்கம் இடிக்கிறது | ரூப்பு இடிக்கிறார் |
| 13-ஆம் அதிகாரம் | 12-ஆம் வசனம் அபாரம் | 14-ஆம் வசனம் அபாரம் | காலிகுலா பொருத்தம் | கருத்தில்லை |
| வகுப்பில் செலவு | குறைவு, பின்னால் ஏறும் | முதல் வாரமே அதிகம் | பரபரப்பாகத் தொடங்கி இறங்கும் | ஏறக்குறைய இல்லை |

## யார் எதை எடுக்கலாம்

பதினைந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு ஓய்வுநாள் பள்ளி என்றால் ரோமாபுரியோடு போங்கள். ஆனால் "பாரம்பரியமாகச் சொல்வது" என்ற இரண்டு சொற்களை விடாதீர்கள். பின்னாளில் கல்லூரியில் வேறு கேள்விப்படும்போது நம்மைப் பொய்யரென்று நினைக்க மாட்டார்கள்.

அரசாங்கத்தாலோ அக்கம்பக்கத்தாலோ நெருக்கப்படும் சபை என்றாலும் ரோமாபுரிதான். 10:30-ல் வாக்குத்தத்தங்களின் நடுவே "துன்பங்களோடேகூட" என்று செருகியிருப்பது மாற்கு மட்டும்தான், அதை அவர்களுக்கு விளக்கவே வேண்டாம். போரைப் பார்த்தவர்கள், ஊரைவிட்டு ஓடி வந்தவர்கள் இருக்கும் குழுவென்றால் சீரியாக் கணக்கில் 13-ஐ வாசியுங்கள். மாரிகாலத்தில் ஓடுவது என்றால் என்னவென்று அவர்கள் நமக்குச் சொல்வார்கள். இறையியல் கல்லூரிக்குப் போக ஆயத்தப்படும் வாலிபர் என்றால் நாற்பதுகளின் வாதத்தையும் கொடுத்து, அதை உடைக்கச் சொல்லுங்கள். மூன்றே வாரம் இருக்கிறது, இயேசு என்ன செய்தார் என்பதே போதும் என்றால் நான்காவது.

என் சொந்தக் கணக்கு: பெயர் மாற்கு என்பதை நம்புகிறேன், பேதுருவின் தொடர்பை அநேகமாக என்ற அளவில். தேதி 70-ஐ ஒட்டி, அந்தப் பக்கமா இந்தப் பக்கமா என்று பந்தயம் கட்ட மாட்டேன். கட்டியே ஆகவேண்டுமென்றால் கொஞ்சம் முன்னால். காரணம், 13-ஆம் அதிகாரத்தில் நெருப்பே இல்லை. நடந்ததைப் பார்த்துவிட்டு எழுதியவர் தேவாலயம் எரிந்ததைச் சொல்லாமலா விடுவார்? "ஒரு கல்லின்மேல் ஒரு கல்" இராது என்கிறார்; தேவாலய மேடையைத் தாங்கிய மேற்குச் சுவரின் கற்கள் இன்றைக்கும் அடுக்கு குலையாமல் இருக்கின்றன. ஊர், ரோமாபுரி பக்கம் ஒரு முடி சாய்கிறேன். குவாட்ரன்ஸ்தான் காரணம். அந்த ஒரு துட்டு.

13-ஆம் அதிகாரத்துக்கு மட்டும் இரண்டு வாரம் ஒதுக்குங்கள், எந்தக் கணக்கை எடுத்தாலும். 14-ஆம் வசனத்தில் பழைய மொழிபெயர்ப்பும் திருவிவிலியமும் இரண்டையும் திறந்து வையுங்கள். "தானியேல் தீர்க்கதரிசி சொல்லியிருக்கிறானே" என்பது பழையதில் மட்டும் இருக்கும். மத்தேயுவிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டது. 'அருவருப்பு' கிரேக்கத்தில் அஃறிணை, ஆனால் 'நிற்கிற' என்பதை மாற்கு ஆண்பாலில் எழுதியிருக்கிறார். நிற்கக்கூடாத இடத்தில் நிற்பது ஒரு பொருளா, ஓர் ஆளா? காலிகுலாவா, கலகத் தலைவனா, டைட்டஸா? அந்த வசனத்தின் நடுவில்தான், இயேசு பேசிக்கொண்டிருக்கும்போதே, எழுதியவர் தலையை நீட்டி "வாசிக்கிறவன் சிந்திக்கக்கடவன்" என்கிறார். யாரைச் சொல்கிறார் என்று அவருடைய ஆட்களுக்குத் தெரிந்திருந்தது. அன்று இரவு எங்கள் வீட்டு முன்னறையில் ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள், காப்பி ஆறிப்போயிற்று.